பரிசப் பட்டியலில் ஒரு லேப்டாப்

குமாசி
23 பிப்ரவரி 2015

ஃபீஃபி,

நேற்று நாம் போனில் பேசியதற்குப் பேர் பேச்சா? உனக்குப் பின்னால் வரிசையில் நின்ற வெல்டர், "சீக்கிரம் முடிடா, எனக்கும் பொண்டாட்டி இருக்கா" என்று கத்தியது எனக்கே கேட்டது. முக்கால்வாசி நேரம் நீ "கேக்குதா, கேக்குதா" என்றாய். கடைசியில், போகிற போக்கில், "லேப்டாப் விஷயம் முடிஞ்சுது. வீட்டு மாடல் ஒண்ணு அம்மா எடுத்துட்டாங்க. ரோஸ் கலர். உனக்குப் பிடிக்கும்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய்.

வைத்துவிட்டால் ஆயிற்றா? அதனால்தான் இந்தக் கடிதம். கம்பெனி கம்ப்யூட்டரில் சொந்த விஷயம் எழுதினால் கரைக்கு அனுப்பிவிடுவார்கள் என்கிறாய். சரி, காகிதத்திலேயே எழுதுகிறேன். டகோராடி பஸ் டிரைவரிடம் கொடுத்தால் உன் சித்தி மகன் ஜோஜோ வாங்கிக்கொண்டு, சாமான் படகில் உங்கள் நடுக்கடல் எண்ணெய் மேடைக்கு ஏற்றிவிடுவானாம். காகிதத்தில் ஒரு வசதியும் இருக்கிறது. எழுதியதை நீ "நான் சொல்லவே இல்லையே" என்று சொல்ல முடியாது.

ரோஸ் கலர் எனக்குப் பிடிக்கும் என்று யார் சொன்னது?

எங்கள் வீட்டுப் பரிசப் பட்டியலை டூஃபி பெரியம்மா எழுதும்போது நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். என் அம்மா கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவந்த சாமான்களில் ஒரு தையல் மெஷின் இருந்தது. பெரியம்மா கல்யாணத்துக்கும் இருந்தது. இந்தத் தடவை பெரியம்மா பழக்க தோஷத்தில் "தையல் மெஷின்" என்று எழுதிவிட்டு, என்னைப் பார்த்துவிட்டு, அதை அடித்து "லேப்டாப்" என்று எழுதினாள். "புருஷன் கைவிட்டாலும் மெஷின் கைவிடாது. இவ தைக்கிறது எழுத்துதானே?" என்றாள். ஆகவே அது மேஜை அலங்காரம் இல்லை. நான் சம்பாதிக்கிற கருவி.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நானே என் காசில் வாங்கியதும் வீட்டு மாடல்தான். அதன் கதி உனக்குத் தெரியும். பல்கலைக்கழக வாசலில் என் தகர டப்பா டைப்பிங் கடையில் காலையிலிருந்து மாலைவரை திறந்து மூடி, திறந்து மூடி, ஒரு வருஷம் முடிவதற்குள் கீல் உடைந்தது. இப்போது முதுகுக்குச் செங்கல் முட்டுக் கொடுத்துத்தான் திரை நிற்கிறது. பேட்டரி வீங்கிவிட்டது. அடும் கடைத்தெருவில் ரிப்பேர்காரன் திருப்பிப் பார்த்துவிட்டு, "எல்லாத்தையும் உள்ளேயே ஒட்டி வெச்சிருக்கான், சிஸ்டர். இது ரிப்பேர் பண்றதுக்குச் செஞ்சதில்ல, அழகு பாக்கச் செஞ்சது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டான்.

எனக்குப் பிசினஸ் மாடல் வேண்டும். கறுப்பாக, தடியாக, அசிங்கமாக இருந்தாலும் பரவாயில்லை. பேட்டரியைக் கழற்றி வேறு பேட்டரி மாட்ட முடியும். கரண்ட் வருகிற நேரத்தைவிடப் போகிற நேரம் அதிகமாக இருக்கிற இந்த ஊரில் எனக்கு அது போதும். கடையில் வெயில் நேரே அடித்தாலும் திரையில் என் முகம் தெரியாது, எழுத்துதான் தெரியும். மே மாதம் மாணவர்கள் ஆய்வேடு கொடுக்கிற சமயம். வருஷச் சாப்பாடே எனக்கு அந்தச் சமயத்தில்தான்.

உன் அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லு.

பிராகோ


கடலில், டகோராடிக்குத் தெற்கே
3 மார்ச் 2015

என் பிராகோவுக்கு,

அசாந்தி இனப் பெண்ணைக் கட்டினால் ஆயுசெல்லாம் பேரம்தான் என்று மாமா சொன்னார். நான் நம்பவில்லை. இன்னும் கல்யாணமே ஆகவில்லை, அதற்குள் மூன்று பக்கம்!

கோபப்படாமல் கேள். நானும் விசாரித்தேன். நீ கேட்கிற பிசினஸ் மாடல் புதிதாக வாங்கினால் இந்த ரோஸ் கலரைப்போல மூன்று மடங்கு விலை. அந்த விலைக்கு என்னால் முடியாது என்று வெட்கமில்லாமல் சொல்கிறேன். என்னால் முடிந்த விலைக்குக் கிடைப்பது இங்கிலாந்தில் எவனோ ஐந்தாறு வருஷம் தட்டி ஓய்ந்து, கப்பலில் கொட்டி அனுப்பிய பழசு. அதைப் பரிச மேஜையில் வைக்கிறதா? துணியிலிருந்து சட்டி பானைவரை எல்லாம் புதிதாக, ஜிகினாத்தாள் சுற்றி, ரிப்பன் கட்டி வரும்போது, நடுவில் ஒரு பழைய இரும்புப் பெட்டி! அம்மா சொன்னாங்க: "பழைய சாமான் குடுத்தா, பழைய சாமான் குடுத்துப் பொண்ணு எடுத்தானுங்கன்னு ஏழு தலைமுறைக்குப் பேசுவாங்க." இதில் அம்மா பக்கம் நியாயம் இருக்கிறதா இல்லையா, நீயே சொல்.

வீட்டு மாடலையும் அப்படிக் கேவலமாகப் பேசாதே. மெலிசு. ஒரு கையால் தூக்கலாம். பாட்டுக் கேட்டால் காதுக்கு இதம். கலர் எல்லாம் கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி. கடைக்காரன் ஒரு வருஷம் உத்தரவாதம் தருகிறான். பழசுக்கு யார் உத்தரவாதம்? கப்பலா?

இன்னொன்றும் இருக்கிறது. எப்படி எழுதுவது என்று யோசித்து யோசித்து எழுதுகிறேன். கல்யாணத்துக்கு அப்புறம் நீ டகோராடிக்கு வந்துவிடுவாய் இல்லையா? எண்ணெய் மேடையில் வேலை பார்க்கிறவனின் பெண்டாட்டி ரோட்டோரத் தகரப் பெட்டிக்குள் உட்கார்ந்து பையன்களுக்கு டைப் அடித்துக்கொண்டிருந்தால் நன்றாக இருக்குமா என்று அம்மா கேட்கிறாங்க. கடையை மூடிவிட்டு வீட்டிலேயே நிம்மதியாக இருக்கலாமே, அதற்கு வீட்டு மாடலே தாராளம் என்பது அம்மாவின் எண்ணம். என் எண்ணம் இல்லை. என்னைத்தான் உனக்குத் தெரியுமே. ஆனால் அம்மா அம்மாதான்.

இங்கே எல்லாம் நலம். நேற்றுக் கிடங்கில் பெரிய பெட்டி ஒன்று சரிந்து என் லேப்டாப் அலமாரியிலிருந்து கீழே விழுந்தது. இது இரண்டாவது தடவை. எடுத்துத் துடைத்து வைத்தேன், ஒன்றும் ஆகவில்லை. போன மாதம் அதன்மேல் டீ வேறு கொட்டினேன்.

உன் ஃபீஃபி


குமாசி
10 மார்ச் 2015

ஃபீஃபி,

கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை உடம்பெல்லாம் எரிந்தது. இரண்டாவது தடவை கடைசிப் பத்தியில் சிரிப்பு வந்துவிட்டது.

அலமாரியிலிருந்து இரண்டு தடவை விழுந்து, டீயும் குடித்து, இன்னும் உயிரோடு இருக்கிறதே உன் லேப்டாப், அது எந்த மாடல்? ரோஸ் கலரா? ஜிகினாத்தாள் சுற்றி வந்ததா? ஆணியும் நட்டும் எத்தனை என்று எழுதுகிற உனக்குக் கம்பெனி தடியான கறுப்பு மாடல் கொடுக்கும். ஒரு டாக்டர் பட்டத்தையே டைப் அடிக்கிற எனக்குப் பாட்டுக் கேட்கிற மாடல் போதும். நன்றாக இருக்கிறதப்பா உன் நியாயம்.

நீ சொன்னதில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். கலர் விஷயம் உண்மை. பழைய பிசினஸ் மாடல்களின் திரை சோகை பிடித்த மாதிரிதான் இருக்கும். நான் சாவுச் சுவரொட்டியும் செய்கிறேன். நிறைய வயதாகிப் போனவர்களுக்கு வெள்ளையும் கறுப்பும், அல்பாயுசில் போனவர்களுக்குச் சிவப்பும் கறுப்பும். அந்தத் திரையில் சிவப்பு காய்ந்த ரத்தம் மாதிரி தெரியும். தெரியட்டும். என் சிவப்பு எந்தச் சிவப்பு என்று எனக்குத் தெரியும். ஒரு தாள் அச்சடித்துப் பார்த்துக்கொள்வேன். உடைந்த கீலை அப்படிச் சமாளிக்க முடியாது.

பழசு என்பது கௌரவக் குறைச்சல் என்கிறாய். புரிகிறது. எங்கள் பக்கமும் பேசத்தான் செய்வார்கள். பேசிவிட்டு ஃபூஃபூ சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அந்த மேஜையில் அது இருக்கப்போவது ஒரு மத்தியானம். என் மடியில் இருக்கப்போவது எத்தனையோ வருஷம்.

ஆனால் முதல் தடவை எனக்கு எரிந்தது லேப்டாப்புக்காக இல்லை. கடையை மூடச் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறாயே, அதற்காக. உன் அம்மா ஹார்பரில் மீன் விற்று உன்னைப் படிக்க வைத்ததாகச் சொல்லியிருக்கிறாய். அந்த அம்மாவா என் கடையை மூடச் சொல்வது? என்னால் நம்பவே முடியவில்லை. சரி, அவர் சொல்லட்டும். நீ என்ன சொல்கிறாய்? "என் எண்ணம் இல்லை" என்று எழுதியிருக்கிறாய். உன் எண்ணம் எது என்று எழுதவில்லை. கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் நீ.

வீட்டு மாடலா, பிசினஸ் மாடலா என்று நான் கேட்பது மெஷினைப் பற்றி மட்டும் இல்லை. கல்யாணத்துக்கு அப்புறம் நான் யார் என்று கேட்கிறேன்.

பதில் எழுது. இந்தத் தடவை உன் பதில்.

பிராகோ


கடலில்
18 மார்ச் 2015

பிராகோ,

மூன்று கெட்ட செய்தி, ஒரே கடிதத்தில்.

முதலாவது, மாற்று ஆள் இல்லை என்று என் ஷிப்டை மே மாதம்வரை நீட்டிவிட்டார்கள். ஏப்ரல் பதினெட்டாம் தேதி, நம் கல்யாணத்தன்று, நான் கரையில் இருக்க மாட்டேன். காலில் விழாத குறையாக மேலாளரிடம் கெஞ்சினேன். "உங்க ஊர்ல மாப்பிள்ளை இல்லாமலே கல்யாணம் பண்ணுவீங்களாமே, அப்புறம் என்ன?" என்கிறான். எந்தப் பயல் அவனுக்கு இதைச் சொன்னான் என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.

இரண்டாவது, தேதியை மாற்ற முடியாதாம். பந்தல், சமையல், சபையில் இரண்டு வீட்டுக்காகவும் பேசுகிற பேச்சுக்காரர்கள் எல்லாம் சொல்லியாயிற்று. இரண்டு குடும்பமும் இருந்தால் போதும், பையன் எதற்கு என்கிறார்கள். நாற்காலியில் என் போட்டோவை வைப்பார்களாம். அந்தச் சாம்பல் கோட்டுப் படம். என் கல்யாணத்தில் எனக்குப் பதில் என் கோட்டு உட்கார்ந்திருக்கப் போகிறது. இந்த வேதனையில் நான் இருக்கும்போது நீ கீல், பேட்டரி என்கிறாய்.

மூன்றாவது, அம்மா மசியவில்லை. நான் சொல்லிப் பார்த்துவிட்டேன். பிடிவாதம். வயதானவர்களை எதிர்த்துப் பேசி என்ன கிடைக்கப்போகிறது? முதலில் கல்யாணம் முடியட்டும். மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இங்கே நாலு நாளாகச் சோளமாவுக் கென்கே இல்லை. ரொட்டியில் ஷீட்டோ மிளகாய் விழுது தடவித் தின்கிறோம்.

ஃபீஃபி


குமாசி
25 மார்ச் 2015

ஃபீஃபி,

இன்று என் லேப்டாப் செத்துவிட்டது. கருகிய கருப்பட்டி மாதிரி ஒரு வாசனை வந்தது, அவ்வளவுதான். ஒரு நர்சிங் மாணவியின் ஆய்வேடு பாதியில் இருந்தது. நல்ல வேளை, அவள் கையில் ஒரு நகல் வைத்திருந்தாள். இருந்தாலும் என் கடை வாசலில் உட்கார்ந்து அழுதாள். கூட நானும் அழுதேன். பிறகு அவள் எழுந்து எதிர்க் கடைக்குப் போனாள். நான்தான் போகச் சொன்னேன். வேறென்ன செய்ய?

"அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று எழுதியிருக்கிறாய். எதை?

உன் கோட்டு வந்து உட்காரட்டும், எனக்கு அதில் வருத்தம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்றை நினைவில் வைத்துக்கொள். சாமான்களை எல்லாம் பரப்பி வைத்த பிறகு, டூஃபி பெரியம்மா என்னைச் சபை நடுவில் நிறுத்தி, "இதையெல்லாம் நாங்க வாங்கிக்கலாமா?" என்று மூன்று தடவை கேட்பாள். மூன்று தடவையும் நான் ஆமாம் சொன்னால்தான் கல்யாணம். இரண்டு தடவை சொல்லிவிடுவேன், அது சுலபம்.

மூன்றாவது தடவைக்கு என்ன சொல்வது என்று எனக்கே இன்னும் தெரியாது.

பிராகோ


கடலில்
7 ஏப்ரல் 2015

பிராகோ, என் தங்கமே,

இப்படி எல்லாமா பயமுறுத்துவது? கடிதத்தைப் படித்துவிட்டு நான் தவறான பெட்டியைத் தவறான கிரேனில் ஏற்றி அனுப்பி, திட்டு வாங்கினேன்.

சரி. நீ கேட்டது வரும். கறுப்பு, கனம், கழற்றி மாட்டுகிற பேட்டரி, கூட ஒரு உபரி பேட்டரி. ஜோஜோவிடம் சொல்லி டகோராடியில் பார்த்து எடுத்தாயிற்று. எப்படி வரும் என்று கேட்காதே. பாம்பும் சாகாது, கம்பும் முறியாது. அம்மாவுக்கு மேஜையில் மானம் போகாது, உனக்கு மடியில் மெஷின் போகாது. என் மூளையை நினைத்து எனக்கே பெருமையாக இருக்கிறது.

ஒரே ஒரு வேண்டுகோள். அம்மாவிடம் மூச்சு விடாதே. லேப்டாப் பேச்சையே எடுக்காதே. கடைப் பேச்சையும் எடுக்காதே. மூன்று தடவை ஆமாம் சொல், போதும்.

சாம்பல் கோட்டுக்குள் இருக்கும் உன்
ஃபீஃபி


குமாசி
20 ஏப்ரல் 2015

ஃபீஃபி,

உன் மூளையின் பெருமையைப் பற்றி எழுதுகிறேன், உட்கார்ந்து படி.

சனிக்கிழமை உன் ஆட்கள் வந்தார்கள். இருபது பெண்கள் தலையில் தட்டு. ஜிகினாத்தாள் வெயிலில் கண்ணைக் கூசியது. நான் உள் அறையில், ஜன்னல் திரைக்குப் பின்னால், அசைந்தால் தலை அலங்காரம் கலைந்துவிடும் என்ற மிரட்டலில் உட்கார்ந்திருந்தேன். உன் போட்டோவை முதல் வரிசையில் வைத்தார்கள். கோட்டு, பல், எல்லாம் பளபள.

உங்கள் பேச்சுக்காரர் வழக்கம்போல ஆரம்பித்தார். "இந்தத் தோட்டத்துல ஒரு பூவைப் பாத்தோம், பறிச்சுட்டுப் போக வந்தோம்" என்றார். பெரியம்மா விடுவாளா? "பூவைப் பறிச்சவன் எங்கே? கோட்டை மட்டும் அனுப்பியிருக்கான்?" என்று வந்தவுடனே ஓர் அபராதம் போட்டாள். ஒரு ஜின் பாட்டில். சிரிப்பு, கைதட்டல். துணிகள் வந்தன, பைபிள் வந்தது, மோதிரம் வந்தது. பிறகு லேப்டாப் பெட்டி. மேலே ரோஸ் கலர் லேப்டாப்பின் படம், ரோஸ் ரிப்பன். உன் அம்மா எழுந்து நின்று, இரண்டு கையாலும் தானே கொண்டுவந்து கொடுத்தார். முகமெல்லாம் சிரிப்பு.

டூஃபி பெரியம்மா ஜின் பாட்டிலையே குலுக்கிப் பார்த்து வாங்குகிறவள் என்று உனக்கு யாரும் சொல்லவில்லையா? "மூடின பெட்டிக்கு நாங்க தலையாட்ட மாட்டோம். திறங்க" என்றாள்.

திறந்தார்கள்.

உன் அம்மா போட்ட கூச்சலில் பந்தல் சமையல்காரர்கள்கூட ஓடிவந்தார்கள். "ஐயோ, ரோசாப்பூ மாதிரி எடுத்து வெச்சேனே! கரிச்சட்டி எப்படி வந்துச்சு? கடைக்காரன் பாவி என் கண்ணுல மண்ணைத் தூவிட்டானே!"

"பொறுங்க, பொறுங்க. உயிராவது இருக்கா பாப்போம்" என்று பெரியம்மா அதை முடுக்கினாள். முடுக்கியவுடன் திரையில் பெரிய எழுத்தில் ஒரு வாசகம் வந்தது. இங்கிலாந்தில் எந்த ஊர்க்காரர்கள் அதை வைத்திருந்தார்களோ, அவர்கள் போட்டு வைத்தது. அழிக்கவேண்டும் என்று உன் ஜோஜோவுக்குத் தோன்றவில்லை. பெரியம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மைக்கில், சபை முழுக்கக் கேட்கப் படித்தாள்: "இந்தக் கணினி கல்லறை நிர்வாகப் பிரிவின் சொத்து. கண்டெடுத்தவர் திருப்பி ஒப்படைக்கவும்."

பிறகு பெரியம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டாள்: "மாப்பிள்ளை வீட்டுக்காரங்களே, எங்க பொண்ணை எங்க கூட்டிட்டுப் போறதா உத்தேசம்?"

எனக்கு உள்ளே சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. எங்கள் மாமாக்கள் எழுந்துவிட்டார்கள். தட்டுகளைத் திருப்பி எடுத்துப் போகச் சொல்லி ஒருவர் கத்தினார். உன் அம்மா கடைக்காரனின் குலம் கோத்திரம் எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் ஜோஜோ, பாவம், வேர்த்து ஊற்ற உன் அம்மா முன்னால் வந்து நின்றான்.

"பெரியம்மா, கடைக்காரன் இல்ல. நான்தான் மாத்தினேன். ஃபீஃபிதான் உங்களுக்குத் தெரியாம மாத்தச் சொன்னான்."

"எதுக்குடா?"

"நீங்க பிராகோவைக் கடையை மூடச் சொல்றீங்களாமே. அதுக்குத்தான் வீட்டு மாடல் வாங்கினீங்களாமே. அந்தப் பொண்ணு அழுவுதாம். உங்ககிட்ட பேச முடியாதாம், நீங்க பிடிவாதமாம்..."

"நானா?"

ஃபீஃபி, அந்த ஒரு வார்த்தையை நீ கேட்டிருக்க வேண்டும். அவ்வளவு நேரம் கத்தியவர் அதை மட்டும் மெதுவாகச் சொன்னார்.

"நான் கடையை மூடச் சொன்னேனா? இந்தப் பயலை முதுகுல கட்டிக்கிட்டு ஹார்பர்ல மீன் வித்தவ நான். அவன் அப்பன் செத்த வாரம்கூட என் கூடை கீழ இறங்கல. நானா ஒரு பொண்ணோட கடையை மூடச் சொல்வேன்? புதுசாக் குடுக்கணும்னு ஆசைப்பட்டு வாங்கினேன். பொண்ணுங்க எல்லாம் இதைத்தான் எடுக்குதுன்னு கடைக்காரன் சொன்னான், எனக்கென்ன தெரியும்? அவளுக்கு எது வேணும்னு என் மகன் ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லலையே!"

சொல்லிவிட்டு நேரே முதல் வரிசைக்குப் போனார். உன் போட்டோவுக்கு முன்னால் நின்றார்.

"டேய்! என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லுடா. நான் சொன்னேனா?"

நீ பல்லைக் காட்டிக்கொண்டிருந்தாய்.

"சிரிக்கிறதைப் பாரு!" என்று உன்னைப் பிடித்துச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டார். எங்கள் மாமாக்கள் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்துவிட்டார்கள். பெரியம்மா, "பொய்க்கு அபராதம் ஒரு ஆடு" என்றாள். "ரெண்டாப் போடுங்க, அவன் சம்பளத்துல" என்றார் உன் அம்மா.

பிறகு அவர் அந்தக் கறுப்பு மெஷினை ஒரு கையில் எடுத்து, மீன் எடை பார்ப்பது போல மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தார். "கனமாத்தான் இருக்கு. உழைக்கும்" என்றார்.

என்னை வெளியே கொண்டுவந்தார்கள். பெரியம்மா முதல் தடவை கேட்டாள். ஆமாம் என்றேன். இரண்டாவது தடவையும் ஆமாம் என்றேன். மூன்றாவது தடவை கேட்டபோது உன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். இரண்டு மாதமாக நான் உன் அம்மாவோடு மனதுக்குள் சண்டை போட்டிருக்கிறேன். பல் துலக்கும்போது, தாள் அடுக்கும்போது, பஸ்ஸில் போகும்போது எல்லாம். அவ்வளவும் தப்பான ஆளிடம். கடையை மூட நினைத்தது நீ. அதைச் சொல்லத் தைரியம் இல்லாமல் பெற்ற தாயின் வாயில் வைத்துச் சொன்னாய். நீ அப்போது கையில் கிடைத்திருந்தால் அந்தத் தடி மெஷினாலேயே அடித்திருப்பேன். அப்போதும் அதற்கு ஒன்றும் ஆகியிருக்காது.

சபை காத்திருந்தது. நான் கேட்டேன், "ரோஸ் கலர் எங்கே?"

வேனில் இருந்தது. ஜோஜோ ஓடிப்போய் எடுத்துவந்தான். இரண்டையும் என் முன்னால் வைத்தார்கள். அழகுதான், ஃபீஃபி. பொய் சொல்லக் கூடாது. நல்ல அழகு.

"இந்தக் கறுப்பு கடைக்கு" என்றேன். "கடை குமாசியில இருக்கு, அங்கேயே இருக்கும். இந்த ரோஸ் வீட்டுக்கு. நான் காலையில கடைக்குப் போயிட்டு சாயங்காலம் வருவேன். அவரு நாலு வாரம் கடல்ல, நாலு வாரம் வீட்டுல. பகல் பூரா வீட்டுல இருக்கப் போறது யாரு? அவருதானே? அப்ப வீட்டு மாடல் அவருக்குத்தான். இதுக்குச் சம்மதம்னா என் மூணாவது ஆமாமும் உண்டு."

பந்தலே அதிர்ந்தது. உங்கள் பேச்சுக்காரர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் அத்தை அவரை உட்காரச் சொல்லிவிட்டார். ஆமாம், இனிமேல் உன் அம்மா எனக்கு அத்தை. "அவன் குமாசிக்கு வரட்டும். பஸ் ரெண்டு பக்கமும் ஓடுது" என்றார்.

நான் மூன்றாவது ஆமாம் சொன்னேன். அத்தையைப் பார்த்துத்தான் சொன்னேன். உன் முதுகுதான் எனக்குத் தெரிந்தது.

இந்தக் கடிதத்தோடு ஒரு சாவி வைத்திருக்கிறேன். அயெடுவாசேயில் கடைக்குப் பின்தெருவில் இரண்டு அறை எடுத்திருக்கிறேன். ரோஸ் கலர் அங்கே மேஜைமேல் இருக்கிறது. நீ இன்னும் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாய். உன்னைத் திருப்பி வைப்பதா என்று உன் பதிலைப் படித்துவிட்டு முடிவு செய்கிறேன்.

உன் மனைவி, என்ன செய்ய,
பிராகோ


கடலில்
28 ஏப்ரல் 2015

பிராகோ,

அம்மா கடையை மூடச் சொல்லவில்லை. நீ கண்டுபிடித்துவிட்டாய், ஆகவே இதில் பெருமை இல்லை.

ஏன் சொன்னேன் என்று கேட்காமல் விட்டிருக்கிறாய். நீ கேட்காவிட்டாலும் எழுதுகிறேன். இங்கே சுற்றிலும் தண்ணீர். நாலு வாரமும் கரைக்குப் போகிற நாளைத்தான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். எனக்கு முன்னால் கரைக்குப் போன ஒருவன், கதவைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுப் பகல் பூராவும் படியிலேயே உட்கார்ந்திருந்தேன் என்று ஒரு தடவை சொன்னான். பெண்டாட்டி வேலைக்குப் போயிருந்தாளாம். அதிலிருந்து எனக்கு ஒரு பயம். நான் வரும்போது வீடு பூட்டியிருக்கக் கூடாது. அவ்வளவுதான் என் எண்ணம். அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. அம்மாவின் பிடிவாதம் என்று எழுதுவது சுலபமாக இருந்தது.

கடிதத்திலிருந்து சாவி மடியில் விழுந்தபோதுதான் எனக்கு உறைத்தது. பூட்டியிருந்தால் என்ன, திறந்துகொண்டு போகவேண்டியதுதானே. என் படிப்புக்கு இது தோன்ற இவ்வளவு நாள் ஆனது.

அம்மா நேற்றுப் போனில் கிடைத்தாங்க. எனக்குக் கிடைத்த ஐந்து நிமிடமும் அவங்களே பேசினாங்க. பின்னால் நின்ற வெல்டர்கூட அவசரப்படுத்தவில்லை, ரசித்துக் கேட்டுக்கொண்டிருந்தான். இப்போது மேடை முழுக்க என்னை "ரோசாப்பூ" என்று கூப்பிடுகிறார்கள். சமையல்காரன் நிலக்கடலைக் குழம்பு வைக்கச் சொல்லித் தருகிறான். வீட்டில் இருக்கிறவனுக்குத் தெரிந்திருக்க வேண்டுமாம்.

அந்தக் கல்லறை வாசகத்தை அழித்துவிடாதே. கடையில் எவனும் திருடமாட்டான்.

அடுத்த வாரம் கரைக்கு வருகிறேன். குமாசி பஸ்ஸுக்குச் சீட்டு எடுக்கச் சொல்லிவிட்டேன். மே மாதம், உனக்கு மூச்சு விட நேரம் இருக்காது என்று தெரியும். மத்தியானச் சாப்பாட்டை நான் கடைக்கே எடுத்துவருகிறேன். உப்புக் குறைந்தால் சமையல்காரனைத் திட்டு.

கடையை மூடாதே, பிராகோ. இதை அம்மா சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

ஃபீஃபி